பதினெட்டில் ஒரு பங்கு



மாதிரி என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். மாதிரி வினாத்தாள் என்கிறோம். மாதிரிப் பள்ளி என்கிறோம். மாதிரிப் பண்ணை என்கிறோம். அங்கெல்லாம் 'பின்பற்றத் தக்கது' என்பதே பொருள். அச்சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு. பெரிய பொருள் ஒன்றை, அதன் அளவுகள் யாவும் ஒரே விகிதத்தில் குறையுமாறு, சிறிதாகச் செய்து வைப்பதும் மாதிரியே. இந்த இரண்டாம் வகை மாதிரி நமக்கு எதைக் கற்பிக்கும், எதைக் கற்பிக்காது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆராய்ச்சிக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு கார். சித்தூரில் என் தாய்மாமன் வீட்டு அலமாரியில் இருந்ததை இரவல் பெற்றுத் திருப்பதிக்குக் கொண்டுவந்தேன். 1959ஆம் ஆண்டின் அமெரிக்கக் கடிலாக் காருடைய உலோக மாதிரி அது. பதினெட்டில் ஒரு பங்கு அளவினது. கூரையை மடக்கிப் பின்னால் வைத்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. அமெரிக்கர் இவ்வகையைக் கன்வர்ட்டிபிள் என்பர். நாம் மடக்குக் கூரைக் கார் என்போம். 'விளையாட்டுப் பொருளில் என்ன பாடம்?' என்று சிலர் கேட்கலாம். விடை பின்னால் வரும்.

1. வண்டியின் வரலாறு

முதலில் மூல வண்டியை அறிந்துகொள்வோம். கடிலாக், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் உயர்ந்த வகைக் கார். அந்நிறுவனத்தில் 1927இல் சேர்ந்த ஹார்லி எர்ல் என்பவர், காரின் தோற்றத்தை வகுப்பதையே தனித் தொழிலாக வளர்த்தவர். களிமண்ணால் மாதிரி செய்து, பார்த்துப் பார்த்துத் திருத்தி, அதன் பின்னரே தகட்டில் கைவைக்கும் முறையை அங்கே நிலைநாட்டியவர் அவரே. இரண்டாம் உலகப் போர்க்காலத்து பி-38 என்னும் போர்விமானத்தின் இரட்டை வால் அவர் குழுவினரைக் கவர்ந்தது. அதன் சாயலில் 1948ஆம் ஆண்டுக் கடிலாக் காரின் பின்புறத்தில் இரு சிறு மேடுகள் எழுந்தன. அவை ஆண்டுதோறும் வளர்ந்து, 1959இல் மீனின் துடுப்பைப்போல் நிமிர்ந்து நின்றன. ஒவ்வொரு துடுப்பிலும் துப்பாக்கிக் குண்டின் வடிவில் இரு சிவப்பு விளக்குகள்! அதற்குமேல் உயர இடமில்லை. அடுத்த ஆண்டிலிருந்து துடுப்புகள் தணியத் தொடங்கின.

நம் நாட்டில் இத்தகைய கார்கள் மிக அரியவை. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயில் கார்களைப் பூட்டி விற்கத் தொடங்கியது. உள்நாட்டிலேயே உறுப்புகளைச் செய்யவேண்டும் என்னும் அரசின் கொள்கை உறுதிப்பட்டபின் 1954இல் அப்பணியை நிறுத்திக்கொண்டது. ஆகவே 1959ஆம் ஆண்டு வண்டியைச் சித்தூர்ச் சாலையில் காண்பது அரிது. நம்மில் பலர்க்கு மாதிரியே கண்ணுக்கு எட்டும் வண்டி. அந்தக் கார் வெளிவந்த அதே 1959இல்தான் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரியும் தொடங்கப்பெற்றது என்பதையும் நினைவிற் கொள்வோம்.

2. அளவு வீதம்

பதினெட்டில் ஒரு பங்கு என்பது எங்கிருந்து வந்தது? இவ்வளவுகள் பெரும்பாலும் அடி, அங்குலக் கணக்கிலிருந்து பிறந்தவை. ஓரடிக்கு ஓரங்குலம் என்று குறைத்தால் பன்னிரண்டில் ஒன்று. ஓரடிக்கு அரை அங்குலம் என்றால் இருபத்து நான்கில் ஒன்று. ஓரடிக்கு அங்குலத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்றால் பதினெட்டில் ஒன்று. நாற்பத்து மூன்றில் ஒன்று என்னும் வினோத அளவோ, ஓரடிக்கு ஏழு மில்லிமீட்டர் என்ற பொம்மை இரயில் கணக்கிலிருந்து வந்தது.

தமிழர்க்குப் பின்னம் புதிதன்று. இருபதில் ஒன்றுக்கு மா என்றும், எண்பதில் ஒன்றுக்குக் காணி என்றும், இரண்டும் சேர்ந்த பதினாறில் ஒன்றுக்கு மாகாணி என்றும் பெயரிட்டு வழங்கியவர்கள் நாம். நம் கார் மாவுக்கும் மாகாணிக்கும் இடைப்பட்டது எனலாம்.

விகித அளவும் நமக்குப் புதிதன்று. நம் சிற்பிகள் படிமத்தின் உயரத்தை முழக்கோலால் மட்டும் அளப்பதில்லை. உத்தம தசதாலம் என்னும் முறையில், படிமத்தின் மொத்த உயரத்தை 124 கூறுகளாகப் பகுப்பர். ஒவ்வொரு கூறும் அப்படிமத்துக்குரிய அங்குலம். படிமம் 62 சென்டிமீட்டர் உயரமாயின் அதன் அங்குலம் 5 மில்லிமீட்டர். 31 சென்டிமீட்டராயின் இரண்டரை மில்லிமீட்டர். அளவு மாறும்; விகிதம் மாறாது. திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் பாரம்பரியச் சிற்பப் பயிற்சி நிலையத்தில் இக்கல்வியை இன்றும் பயிலலாம். அமெரிக்க மாதிரிக் காரும் திருப்பதிச் சிற்பமும் இந்த ஒரு நெறியில் உறவினர்.

3. மாதிரி உரைக்கும் மெய்

இனி மாதிரியை அளப்போம். மூலக் காரின் நீளம் 225 அங்குலம், அதாவது 5,715 மில்லிமீட்டர். இதைப் பதினெட்டால் வகுத்தால் 317.5 வரும். என் மாதிரியை அளந்தபோது 317 மில்லிமீட்டர் இருந்தது. முன் சக்கரத்தின் நடுவுக்கும் பின் சக்கரத்தின் நடுவுக்கும் உள்ள தொலைவு மூலத்தில் 130 அங்குலம், அதாவது 3,302 மில்லிமீட்டர், மாதிரியில் 183. நீளம், கோணம், வளைவு ஆகியவற்றில் மாதிரி பொய் சொல்வதில்லை.

இதனால் பயன் உண்டா? உண்டு. திருமலைக்கு ஏறும் முதல் மலைப்பாதை 1944இல் திறக்கப்பெற்றது. 1974இல் இரண்டாம் பாதை வந்தபின், பழைய பாதை இறங்குவதற்கும் புதிய பாதை ஏறுவதற்கும் ஆயின. கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் செல்லாமல் உள்பக்கமாக ஒதுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். நம் கடிலாக் அங்கே எவ்வளவு ஒதுங்கும்? அமெரிக்கா செல்ல வேண்டா. தரையில் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்தால் போதும்.

முன் சக்கரத்தை 30 பாகை திருப்புவதாகக் கொள்வோம். எளிய கணக்கின்படி மாதிரியின் முன் சக்கரம் 36.7 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்திலும், பின் சக்கரம் 31.8 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்திலும் செல்லும். வேறுபாடு 4.9 சென்டிமீட்டர். பதினெட்டால் பெருக்கினால் ஏறத்தாழ 88 சென்டிமீட்டர் ஆகும். சக்கரத் தொலைவு 2,175 மில்லிமீட்டரே உள்ள மாருதி 800 காருக்கு இதே திருப்பத்தில் ஒதுக்கம் 58 சென்டிமீட்டர்தான். நீண்ட வண்டி மலைப்பாதையில் ஏன் தடுமாறும் என்பதை மேசையளவுப் பொருள் கற்பித்துவிட்டதன்றோ?

4. மாதிரி மறைக்கும் மெய்

இவ்வளவில் நின்றுவிட்டால் நாம் பாதிப் பாடமே கற்றவர் ஆவோம்.

என் தந்தையார் சித்தூரில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்பவர். அவரிடம் மாதிரிக் காரைக் காட்டி, 'அழகாக இருக்கிறதா?' என்று கேட்டேன். அழகைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். "இது பொம்மையா இருக்கவே கதவு பொருந்துதுப்பா. நெசமான வண்டியில மேல கட்டு இல்லேன்னா, மேடு பள்ளத்துல பாடி முறுக்கிக்கும். கதவு நிக்காது" என்றார்.

அவர் சொன்னது மடக்குக் கூரைக் காரின் தலையாய இடர். சாதாரணக் காரில் கூரை வெயிலுக்கும் மழைக்கும் மட்டும் இருப்பதன்று. மூடிய அட்டைப் பெட்டி விறைப்பாக நிற்கும். மேல்மூடியை வெட்டியெடுத்தால் இரு கைகளால் எளிதில் முறுக்கலாம். காரும் அவ்வாறே. கூரையை இழந்த வண்டிக்கு அடியில் வலிமை கூட்டியே ஆகவேண்டும். 1959ஆம் ஆண்டுக் கடிலாக்கின் சேசிஸ், நடுவில் குறுகிப் பெருக்கல் குறி போன்ற வடிவில் அமைந்தது. அதன்மேல் மடக்குக் கூரை வண்டிகளுக்குத் தனியே வலுவூட்டினர். அதனால்தான் கூரையில்லாத வண்டி இலேசாக இராமல், பெரும்பாலும் கூரையுள்ள வண்டியைவிட மிகுந்த எடையுடன் இருக்கும்.

மாதிரியில் இவ்விடர் எங்கே போயிற்று? இதற்கு விடை கூறியவர் இத்தாலிய அறிஞர் கலிலியோ. 1638இல் வெளியிட்ட நூலில் அவர் விளக்கிய உண்மை இது: ஒரு பொருளின் நீளத்தைக் குறைக்கும்போது பரப்பும் கனமும் அதே வீதத்தில் குறைவதில்லை. நீளம் 18இல் ஒரு பங்கானால், பரப்பு 18 பெருக்கல் 18, அதாவது 324இல் ஒரு பங்கு. கன அளவோ 5,832இல் ஒரு பங்கு. ஒரு தூணின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. அது தாங்கவேண்டிய எடையோ கன அளவைப் பொறுத்தது. எனவே சிறிதாக்கும்போது சுமை குறையும் வேகத்தில் வலிமை குறைவதில்லை. நம் மாதிரி, தன் எடையைத் தாங்கும் திறனில் மூலத்தைவிடப் பதினெட்டு மடங்கு உயர்ந்துவிடுகிறது. எறும்பு தன்னைவிடப் பன்மடங்கு எடையைத் தூக்குவதும், யானைக்குத் தூண் போன்ற கால்கள் வேண்டியிருப்பதும் இதே காரணத்தால்தான்.

ஆகவே மடக்குக் கூரைக் காரைச் செய்தவர்கள் எந்த இடருடன் பெரிதும் போராடினார்களோ, அந்த இடர் மாதிரியில் இல்லவே இல்லை. அழகு தெரிகிறது, அழகுக்குக் கொடுத்த விலை தெரியவில்லை.

5. சிறுமையில் பிறக்கும் இடர்கள்

பழைய இடர் மறைந்தால் புதிய இடர் பிறக்கிறது. காரின் தகடு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிப்பு. அதைப் பதினெட்டாகக் குறைத்தால், நாம் எழுதும் தாளைவிட மெல்லிதாகிவிடும். அப்படிச் செய்தால் விரல் பட்டவுடனே நசுங்கும். ஆகவே மாதிரி செய்வோர் தகட்டை நாடுவதில்லை. துத்தநாகத்துடன் நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் அலுமினியம் சேர்த்த கலவையை உருக்கி, எஃகு அச்சினுள் அழுத்தத்துடன் செலுத்தி வார்க்கின்றனர். அமெரிக்காவில் 1929இல் உருவான கலவை அது. எளிதில் உருகும்; நுண்ணிய வரிகளையும் விடாமல் பதிவு செய்யும்.

இதன் விளைவைத் தராசு காட்டுகிறது. மூலக் கார் சுமார் 2,200 கிலோ. அதை 5,832ஆல் வகுத்தால் 377 கிராம் வரும். ஆனால் என் மாதிரியைக் கடைத் தராசில் நிறுத்தபோது ஒரு கிலோவுக்குச் சற்றே குறைவாக இருந்தது. உள்ளே உண்மையான எஞ்சின் இல்லை. ஆயினும் இரண்டு மடங்குக்கு மேல் எடை. சுவர்கள் அத்துணைத் தடிப்பு! முன்கண்ணாடியின் தடிப்பு ஒன்றரை மில்லிமீட்டர். பதினெட்டால் பெருக்கினால் 27 மில்லிமீட்டர் ஆகும். அத்தகைய கண்ணாடியைச் சாதாரணக் காரில் காண முடியாது.

வண்ணப்பூச்சும் அவ்வாறே. கார்மேல் உள்ள பூச்சு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்று கொள்வோம். மாதிரிமேல் அதே தடிப்பில் பூசினால், ஒன்றே முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் பூசிய காரைப்போல் தோன்றும். கதவின் இடுக்கும் பெயர்ப் பொறிப்பும் மூழ்கிவிடும். துணிக்கூரையைச் செய்வது இன்னும் கடினம். சிறு துணி பெரிய துணியைப்போல் தன் எடையால் தளர்ந்து மடிவதில்லை, விறைத்து நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கூரையுள்ள மாதிரியில் உள்ளே உள்ள குறையை நிழல் மறைத்துவிடும். கூரையில்லாத மாதிரியில் இருக்கை, திசைமாற்றும் சக்கரம், கருவிப் பலகை யாவும் வெட்டவெளியில் கிடக்கின்றன. மறைக்க இடமில்லை. மாதிரி செய்வோருக்கு மடக்குக் கூரைக் கார் கடுந்தேர்வு என்பது இதனால்தான்.

இந்த இடர்களைக் கைவினைஞர் எவ்வாறு வெல்கின்றனர்? சேஷாசல மலைகளில் வளரும் செம்மரத்தால் மரப்பாச்சி பொம்மை செய்வது திருப்பதிக்குப் பேர் தந்த தொழில். காளத்திக்கு அருகில் உள்ள மாதவமாலை என்னும் சிற்றூர் மரச் சிற்பத்துக்குப் புகழ் பெற்றது. இப்போது செம்மரத்துக்குக் கட்டுப்பாடு மிகுதியாதலால் வேறு மரங்களிலும் செதுக்குகின்றனர். திருப்பதியில் ஒரு முதிய மரச் சிற்பியாரிடம், சிறிய பொம்மைக்கும் பெரிய பொம்மைக்கும் ஒரே அளவுதானா என்று கேட்டேன். "அளவு ஒண்ணுதான் தம்பி. ஆனா பொம்மை சின்னதாக ஆக மூக்கைக் கொஞ்சம் தூக்கலா விடணும், கண்ணைக் கொஞ்சம் ஆழமா வெட்டணும். இல்லேன்னா முகமே தெரியாது" என்றார்.

நல்ல மாதிரிக் கார் செய்வோரும் இதையே செய்கின்றனர். கதவு இடுக்கைச் சற்று ஆழமாக்குகின்றனர். முகப்பு வலையின் புள்ளிகளைச் சற்றுக் குறைத்து ஒவ்வொன்றையும் சிறிது பெரிதாக்குகின்றனர். எதை அளவுப்படி வைப்பது, எதைக் கண்ணுக்காக மாற்றுவது என்று தேர்ந்து முடிவு செய்வதே மாதிரிக் கலை. கணக்கு மட்டும் அறிந்தவர் நல்ல மாதிரி செய்ய இயலாது. கணக்கே அறியாதவரும் செய்ய இயலாது.

6. வேகமும் காலமும்

இன்னும் ஒரு செய்தி. மலைப்பாதையிலிருந்து கார் உருண்டு விழும் காட்சியைத் திரைப்படத்தில் மாதிரி கொண்டு எடுத்தால், பல வேளைகளில் பொம்மை விழுவதாகவே தெரிந்துவிடும். காரணம் யாது? 18 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கார் தரையைத் தொட ஏறத்தாழ 1.9 வினாடி ஆகும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் மாதிரிக்கு 0.45 வினாடியே போதும். நீளத்தைப் பதினெட்டாகக் குறைத்தோம். காலமோ பதினெட்டின் வர்க்கமூலமாகிய நாலே கால் மடங்குதான் குறைந்தது. ஆகவே காட்சியை அத்தனை மடங்கு விரைவாகப் படம் பிடித்து, வழக்கமான வேகத்தில் ஓட்டினால்தான் மெய்போல் தோன்றும்.

இது திரைப்படத்தாருக்கு மட்டும் உரிய செய்தியன்று. இங்கிலாந்தில் வில்லியம் ஃபிரௌட் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிறு கப்பல் மாதிரிகளை நீர்த்தொட்டியில் இழுத்துப் பெருங்கப்பலின் இயல்பைக் கணித்தது இவ்வகைக் கணக்கால்தான். நமக்கு அண்மையில் திருவள்ளூர் மாவட்டத்துப் பூண்டியில் உள்ள நீரியல் ஆராய்ச்சி நிலையம் அணைகளையும் மதகுகளையும் மாதிரிகளாகச் செய்து ஆராய்வதற்கெனவே அமைந்தது. இருபத்தைந்தில் ஒரு பங்காக அணையின் மாதிரியைச் செய்தால், அதில் நீரின் வேகம் ஐந்தில் ஒரு பங்கு என்று கொள்ளவேண்டும். இருபத்தைந்தில் ஒரு பங்கு என்று கொண்டால் மதகு உடையும், ஊர் மூழ்கும். பொம்மைக் காரில் சிரிப்பாக முடியும் பிழை, அணையில் உயிர்ச்சேதமாக முடியும்.

7. மாதிரி வளர்த்த மாணவர்

மாதிரி செய்வது சிறுவர் விளையாட்டு என்று எண்ணுவோர்க்கு ஒரு வரலாறு கூறுவேன். ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த ஃபிஷர் பாடி என்னும் பிரிவு 1930 முதல் 1968 வரை அமெரிக்கச் சிறுவர்களுக்கு ஒரு போட்டி நடத்தியது. தொடக்கத்தில், நெப்போலியன் காலத்து அரச கோச்சு வண்டி ஒன்றின் மாதிரியைத் துல்லியமாகச் செய்துவரச் சொன்னார்கள். 1937 முதல் தாமே கற்பனை செய்த காரைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் செய்துவரவும் இடமளித்தார்கள். பரிசு என்ன தெரியுமா? பல்கலைக்கழகக் கல்விக்கான உதவித்தொகை!

1947இல் முதற்பரிசு பெற்ற சார்லஸ் ஜோர்டான் என்னும் மாணவர், பின்னர் அதே நிறுவனத்தில் சேர்ந்தார். கடிலாக் வடிவமைப்புக் கூடத்தின் தலைவரானார். 1986இல் நிறுவனம் முழுமைக்கும் வடிவமைப்புத் துறைத் துணைத்தலைவராக உயர்ந்தார். மரக்கட்டையும் உளியும் ஒரு மாணவனை எங்கே கொண்டு சேர்த்தன பாருங்கள். அப்போட்டியில் பெரிய குறையும் ஒன்று இருந்தது: பெண்பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. நாம் அக்குறையை நீக்கியே தொடங்கலாம்.

8. நாம் செய்யத் தக்கது

இன்று கல்லூரிக் கண்காட்சிகளில் மாதிரிகளுக்குப் பஞ்சமில்லை. பாலம், அணை, ஏவுகணை, மின்சாரக் கார் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. ஆனால் அவற்றுள் கடையில் ஆயத்தமாக வாங்கி வந்தவை எத்தனை? 'அளவு வீதம் யாது?' என்று கேட்டால் விடை கூறத்தக்க மாணவர் எத்தனை பேர்? வாங்கிய மாதிரி வாங்கியவருக்கு ஒன்றும் கற்பிப்பதில்லை. அளந்து, வகுத்து, செதுக்கி, பொருந்தாமல் போய், மீண்டும் செதுக்கும்போதே எந்த அளவு மெய், எது கண்ணுக்காக மாற்றியது என்பது விளங்கும்.

ஆகவே நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவில் மாதிரிக் கண்காட்சி ஒன்று நடத்துவோம். காரோ, திருமலைத் தேரோ, காணிப்பாக்கத்துக் கோபுரமோ, அவரவர் விரும்பியதைத் தம் கையாலேயே செய்யட்டும். ஒவ்வொரு மாதிரியின் முன்னும் மூன்று வரி எழுதிய அட்டை இருக்கட்டும். முதல் வரி, இதன் அளவு வீதம். இரண்டாம் வரி, இம்மாதிரி உண்மையாகக் காட்டுவது. மூன்றாம் வரி, இம்மாதிரி காட்டாமல் மறைப்பது. மூன்றாம் வரியைப் பிழையின்றி எழுதுகிறவருக்கே முதற்பரிசு தரவேண்டும் என்பது என் கருத்து.

நடுவர்களைத் தேடி நெடுந்தொலைவு செல்லவும் வேண்டா. மாதவமாலையில் மரச் சிற்பிகள் இருக்கின்றனர். சித்தூரில் பாடி கட்டும் பட்டறைக்காரர்கள் இருக்கின்றனர். பட்டம் பெறாத அக்கைகளுக்குள் கலிலியோவின் கணக்கு இருக்கிறது. நமக்கோ ஏட்டில் மட்டும் இருக்கிறது. இரண்டும் ஒரே மேசையில் சந்திக்கட்டும். 2022இல் சித்தூரும் திருப்பதியும் வெவ்வேறு மாவட்டங்கள் ஆயின. அவற்றின் கைத்திறத்துக்கு எல்லைக்கோடு இல்லை.

பெரியதைச் சிறிதாக்கிப் பார்ப்பது அறிவின் ஒரு வழி. சிறிதில் கண்டதைப் பெரிதின்மேல் அப்படியே ஏற்றிவிடாமல், எவ்வளவு கொள்ளலாம், எவ்வளவு தள்ளவேண்டும் என்று நிறுத்துப் பார்ப்பதே அவ்வழியை முழுமையாக்கும். அந்த நிதானத்தைப் பழகிய மாணவரிடம் நாளை ஒரு பாலத்தையோ அணையையோ நாடு நம்பி ஒப்படைக்கலாம்.